பெயின்ட் பூசிய போல்ட்டுகள்

குற்றப்பத்திரிகையில் என் கட்சிக்காரர் செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றம் ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. டேங்கர் லாரியிலிருந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் இறக்கும்போது சேமிப்புத் தொட்டியின் மட்டத்தைக் கவனிக்காமல் அஜாக்கிரதையாக வால்வைத் திறந்து வைத்திருந்தார், அதனால் தொட்டி நிரம்பி வழிந்து வெடித்தது, அருகில் நின்றிருந்த லாரி கிளீனர் உடல் வெந்து இறந்தார். இந்திய தண்டனைச் சட்டம் 284, 304ஏ பிரிவுகள். 2024 ஜூலையில் புதிய சட்டம் வருவதற்குப் பல வருடங்கள் முந்தைய வழக்கு.

படித்ததுமே எனக்கு ஓரிடம் இடறியது. வழிந்த தொட்டி ஏன் வெடிக்க வேண்டும்? வழிவதற்கு வாய் இருந்தால் அமிலம் கீழே கொட்டும், சுற்றுச்சுவருக்குள் தேங்கும், புகை கிளம்பும், கம்பெனிக்கு நஷ்டம் வரும். ஆனால் தொட்டி நின்ற இடத்தில் நிற்கும். அது கிழிந்திருக்கிறது என்றால், உள்ளே போன ஏதோ ஒன்று வெளியே வர வழியில்லாமல் தவித்திருக்கிறது.

என் கட்சிக்காரர் ஒரு சிப்காட் வளாகத்தில் கன்ட்ராக்ட் ஆபரேட்டர். 304ஏ ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்பதால் காவல் நிலையத்திலேயே விட்டிருந்தார்கள். ஆனால் அந்த வாரமே கன்ட்ராக்டர், கேட் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். வலது கை முழங்கை வரை வெந்திருந்தது. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிற மனிதர்.

"தினமும் செய்யறதத்தான் சார் செஞ்சேன். ஓஸ மாட்டி வால்வ தொறந்தேன். நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. கடைசில லாரில ஆசிட் தீந்து உஸ்ஸுனு காத்து ஏற ஆரம்பிச்சிருச்சு. ஓடிப் போய் மூடப் போனேன். மேல பாத்தா டேங்க் தலை உப்பிக்கிட்டு வருது."

"அன்னிக்கு மட்டும் வேற மாதிரி ஏதாவது நடந்துச்சா?"

"பம்பு ரிப்பேரு சார். காத்து குடுத்து எறக்கச் சொன்னாங்க."

வழக்கின் சாரம் முழுக்க இந்த நாலு வரியில் இருந்தது. அதை நீதிமன்றத்தில் நிரூபிக்கத்தான் வருடங்கள் ஆயின.

இந்த மாதிரி வழக்குகளில் வக்கீல்கள் முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, பார்வை மகஜர் மூன்றையும் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறோம். மூன்றும் விபத்துக்குப் பிறகு எழுதப்பட்டவை. எனக்கு விபத்துக்கு முந்தைய காகிதம் ஒன்று வேண்டியிருந்தது: அந்தத் தொட்டியின் வரைபடம். கம்பெனியிடம் இல்லை என்றார்கள். தொட்டியைச் செய்தவர் அம்பத்தூரில் சின்னப் பட்டறை வைத்திருந்தார். போய்ப் பார்த்தேன். கண்ணாடி இழையையும் பிசினையும் அடுக்கடுக்காகச் சுற்றிச் செய்கிற எஃப்.ஆர்.பி. தொட்டிகள்தான் அவருடைய தொழில். இரும்பை அரித்துவிடும் அமிலத்துக்கு இதுதான் தோது. பழைய கோப்பு ஒன்றிலிருந்து மடித்து மடித்து நைந்துபோன தாளை எடுத்து விரித்தார்.

20,000 லிட்டர் தொட்டி, விட்டம் 3 மீட்டர். நாசில்களுக்கென்று ஓரத்தில் ஓர் அட்டவணை. உள்ளே நிரப்பும் குழாய் 2 இன்ச். காற்று போய்வரும் வெண்ட் 4 இன்ச். ஓவர்ஃப்ளோ 4 இன்ச். வெளியே எடுக்கும் குழாய் 2 இன்ச். கீழே ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் ஒரு குறிப்பு: வெண்ட் எப்போதும் வெளிக்காற்றுக்குத் திறந்திருக்க வேண்டும்.

"வக்கீல் சார், தண்ணி ரொப்பி டெஸ்ட் பண்ணித்தான் குடுப்போம். காத்து ரொப்பி டெஸ்ட் பண்ணவே மாட்டோம். காத்தழுத்தத்துக்குன்னு செஞ்ச சாமானே இல்ல இது" என்றார்.

பிறகுதான் நான் தொட்டிகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். ஒரு தொட்டிக்குள் ஆயிரம் லிட்டர் திரவம் போனால் ஆயிரம் லிட்டர் காற்று வெளியே வந்தாக வேண்டும். ஆயிரம் லிட்டரை எடுத்தால் அதே அளவு காற்று உள்ளே போயாக வேண்டும். வெயிலில் உள்ளிருக்கும் ஆவி விரியும், திடீர் மழையில் சுருங்கும், அதற்கும் வழி வேண்டும். இவற்றையெல்லாம் கணக்குப் போட்டு வெண்ட்டின் அளவைத் தீர்மானிப்பதற்கென்றே அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட்டின் 2000ஆம் எண் தரநிலை இருக்கிறது. பிரிட்டிஷ் பாதுகாப்புப் பொறியாளர் ட்ரெவர் க்ளெட்ஸின் எழுத்துகளை அப்போதுதான் படித்தேன். வளிமண்டல அழுத்தத்துக்கென்று கட்டிய பெரிய எஃகுத் தொட்டிகளே பெரும்பாலும் 20 சென்டிமீட்டர் தண்ணீர் உயரத்துக்கு உண்டான அழுத்தத்தைத்தான் தாங்கும். ஒரு சிறு குடத்துத் தண்ணீர் அடியில் தருகிற அழுத்தம், அவ்வளவுதான். உள்ளே வெற்றிடம் உண்டானால் அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தாங்காமல் உள்வாங்கி நசுங்கிவிடும். அத்தனை பெரிய உருவத்துக்கு இத்தனை மெலிந்த உடம்பு என்பது தொழிற்சாலைக்கு வெளியே இருப்பவர்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும். நடுவருக்கும் அப்படித்தான் இருந்தது.

ஓவர்ஃப்ளோ குழாய்க்கும் தனிக் கணக்கு உண்டு. நிரப்பும் குழாயில் பம்பு தள்ளுகிறது. ஓவர்ஃப்ளோவில் எதுவும் தள்ளுவதில்லை, தன் எடையில் தானே வழிய வேண்டும். அதனால் ஓவர்ஃப்ளோ, நிரப்பும் குழாயைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், நடுவில் வால்வே கூடாது, வழிவது ஆள் கண்ணில் படுகிற இடத்தில் விழ வேண்டும். அமிலப் புகை வராமலிருக்க அதன் முனையைத் தண்ணீரில் மூழ்க வைக்கலாம். ஆனால் மூழ்கும் ஆழம், தொட்டி தாங்கும் அழுத்தத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். அதிகமானால் அதுவும் ஒரு மூடிதான்.

இனி, அந்தத் தொழிற்சாலையில் நடந்தது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் திறந்த வாய் வழியாக வெள்ளைப் புகை விடும். பக்கத்துக் குடியிருப்பில் இருந்தவர்கள் இருமிக்கொண்டே மனு கொடுத்தார்கள். புகையை அடக்கு என்று கம்பெனிக்கு உத்தரவு வந்தது. அது நியாயமான உத்தரவு, அந்த மக்களுக்கு அந்த உரிமை உண்டு. கம்பெனியும் புகையைக் கழுவி அடக்கும் ஸ்க்ரப்பர் ஒன்றை வாங்கி வைத்தது. ஆனால் தொட்டியின் 4 இன்ச் வெண்ட்டை 2 இன்ச் பி.வி.சி. குழாயாகக் குறைத்து, தாங்குசட்டம் போதாமல் தொய்வாக இழுத்து, ஸ்க்ரப்பரோடு இணைத்தார்கள். தொய்ந்த இடத்தில் ஆவி குளிர்ந்து நீராகித் தேங்கியது. விபத்துக்குப் பிறகு தொழிற்சாலை ஆய்வாளர் அந்தத் தாழ்ந்த இடத்தைத் திறந்து வடித்து, அரை மீட்டர் உயரத்துக்குத் திரவம் நின்றிருந்ததாகத் தன் அறிக்கையில் எழுதியிருந்தார். காற்று அதைத் தள்ளிக்கொண்டு போக வேண்டுமானால் தொட்டிக்குள் அரை மீட்டர் தண்ணீர் உயர அழுத்தம் சேர வேண்டும். ஓவர்ஃப்ளோவில் அதைவிட எளிய வேலை செய்திருந்தார்கள். அதிலிருந்தும் புகை வருகிறதென்று முனையில் துளையில்லாத ஒரு ப்ளைண்ட் தகட்டை வைத்து போல்ட் போட்டுவிட்டார்கள்.

பம்பு வைத்து நிதானமாக இறக்கிய காலமெல்லாம் இது எப்படியோ ஓடிவிட்டது. திரவம் மெதுவாக ஏறும்போது காற்று அந்தத் தேங்கிய நீரைக் குமிழியிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடந்துவிடும், தொட்டி லேசாக முனகியிருக்கும். அன்று பம்பு இல்லை. லாரித் தொட்டிக்குள் 1.5 பார் அழுத்தத்தில் காற்றை ஏற்றி அமிலத்தைத் தள்ளினார்கள். கடைசிச் சொட்டு அமிலம் போய் முடியும்போது, 10,000 லிட்டர் கொள்ளளவுள்ள லாரித் தொட்டி முழுக்க அழுத்தக் காற்று. அது விரிந்தால் 15,000 லிட்டர் காற்று வெளியேற வேண்டும், கம்ப்ரசர் தொடர்ந்து கொடுப்பது தனி. அதே ஓஸில், அதே அழுத்தத்தில், திரவத்தைவிடக் காற்று பல மடங்கு வேகமாகப் பாயும். ஒரு மீட்டர் தண்ணீர் உயர அழுத்தம் என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டன். தொட்டியின் தலை 7 சதுர மீட்டர். அரை மீட்டர் சேர்ந்தாலே மூன்றரை டன், ஒரு மீட்டர் சேர்ந்தால் ஏழு டன் அதை மேலே தூக்கியிருக்கும். லாரியில் இருந்ததோ 15 மீட்டருக்கு உண்டான அழுத்தம். தலையும் உடலும் சேரும் தையல் கிழிந்து, கிழிசல் பக்கச் சுவரில் கீழ்நோக்கி ஓடி, அமிலம் பீய்ச்சியடித்தது. ஓஸைக் கழற்றத் தயாராக இணைப்புப் பக்கம் நின்றிருந்த கிளீனர் மீது நேராக.

அரசுத் தரப்பில் முக்கிய சாட்சி கம்பெனியின் பராமரிப்புப் பொறியாளர். முதல் விசாரணையில் உறுதியாகச் சொன்னார்: ஆபரேட்டர் மட்டத்தைப் பார்க்கவில்லை, தொட்டி நிரம்பிவிட்டது. குறுக்கு விசாரணையில் நான் முதலில் எடைச்சீட்டைக் காட்டினேன். லாரியில் வந்தது 11.6 டன். அந்த அமிலத்தின் ஒப்படர்த்தி 1.16 என்று அவரே ஒப்புக்கொண்டார். வகுத்தால் 10,000 லிட்டர். காலை ஷிப்ட் பதிவேட்டில் தொட்டியில் இருந்த இருப்பு 6,000 லிட்டர்.

"ஆக மொத்தம்?"

"16,000."

"தொட்டியின் கொள்ளளவு?"

"20,000."

நிரம்பாத தொட்டியை நிரம்பவிட்டதாகத்தான் வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஆனால் பொறியாளர் அனுபவசாலி. உடனே வேறு பக்கம் திரும்பினார். காற்று கொடுத்து இறக்கும்போது கடைசி நேரத்தில் வால்வை மூடுவது ஆபரேட்டரின் பொறுப்பு, மூடவில்லை என்றார். அதற்குப் பதிவேட்டிலேயே பதில் இருந்தது. பம்பு ரிப்பேர், ஏர் கொடுத்து இறக்கவும் என்று மேற்பார்வையாளரின் கையெழுத்தில் இருந்தது. எவ்வளவு அழுத்தம், எப்போது மூடுவது, யார் பக்கத்தில் நிற்கக்கூடாது என்று எதுவும் இல்லை. ஆபரேட்டருக்கு அதில் பயிற்சி கொடுத்த தாள் உண்டா என்று கேட்டேன். இல்லை.

பிறகு அந்தப் புகைப்படம். காவல்துறை எடுத்து அவர்களே சான்றாவணமாகத் தாக்கல் செய்த படம்தான். கிழிந்த தொட்டியைக் காட்டுவதற்காக எடுத்தது, ஓரத்தில் ஓவர்ஃப்ளோ குழாயின் முனையும் விழுந்திருந்தது. அதைப் பெரிதாக்கி எடுத்து வைத்திருந்தேன். ப்ளைண்ட் தகடு, அதைச் சுற்றி எட்டு போல்ட். சாம்பல் நிறப் பெயின்ட் தகட்டின் மீதும் போல்ட் தலைகள் மீதும், தகடும் ஃப்ளாஞ்சும் சேரும் இடுக்கின் மீதும் ஒரே பூச்சாக ஓடியிருந்தது. ஓரிடத்தில் பெயின்ட் வடிந்து, ஒரு போல்ட் தலையிலிருந்து கீழ் ஃப்ளாஞ்ச் வரை கோடாக உறைந்திருந்தது. அந்தக் கோடு அறுபடவில்லை.

"இந்த போல்ட்டைக் கழற்றி மாட்டியிருந்தால் இந்தப் பெயின்ட் கோடு இப்படி முழுசாக இருக்குமா?"

நேரம் எடுத்துக்கொண்டார். "இருக்காது."

"அப்படியானால் பெயின்ட் அடிப்பதற்கு முன்பிருந்தே இந்தத் தகடு இருக்கிறது?"

"இருக்கலாம்."

குற்றவியல் நடைமுறைச் சட்டம் 91ஆம் பிரிவில் மனுப் போட்டுப் பராமரிப்புக் கணக்குகளை ஏற்கெனவே வரவழைத்திருந்தேன். மேடை, ஏணி, குழாய்களுக்கெல்லாம் பெயின்ட் அடித்த பில்லின் தேதி, என் கட்சிக்காரருக்குக் கேட் பாஸ் கொடுத்த தேதிக்கு முந்தையது. அவர் அந்தத் தொழிற்சாலைக்குள் கால் வைத்தபோதே அந்தத் தொட்டிக்கு மூச்சு விடும் வழி அடைபட்டிருந்தது. அவருக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள அவரிடம் வரைபடமும் இல்லை.

வாதத்தின்போது கம்பெனி தரப்பு வழக்கறிஞர் அரசு வழக்கறிஞருக்குத் துணையாக வந்து ஒரு பழைய தீர்ப்பை முன்வைத்தார். குர்பான் உசேன் வழக்கு, உச்ச நீதிமன்றம், 1965. பம்பாயில் ஒரு பெயின்ட் தொழிற்சாலை. உருக்கிய தார் போதுமான அளவு ஆறுவதற்குள் ஒரு தொழிலாளி டர்பன்டைனைச் சேர்த்துவிட, நுரை பொங்கிப் பீப்பாயிலிருந்து வழிந்து தீப்பற்றி ஏழு பேர் இறந்தார்கள். உரிமம் இல்லாத முறையில் அங்கே அடுப்பு எரிக்க விட்டவர் மேலாளர். இருந்தும் 304ஏ பிரிவில் அவரைக் குற்றவாளியாக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். மரணத்துக்கு உடனடியான, நேரடியான காரணம் எதுவோ அதுதான் பார்க்கப்பட வேண்டும், அது இல்லாவிட்டால் இது நடந்திருக்காது என்கிற அளவிலான தொலைதூரக் காரணம் போதாது என்பது விதி. 285ஆம் பிரிவில் மட்டும் தண்டனை நின்றது.

இந்தத் தீர்ப்பை நான் மதிக்கிறேன், கிரிமினல் சட்டம் யாரையும் எட்டாத தூரத்திலிருந்து இழுத்துப் போடக்கூடாது என்பதும் சரி. ஆனால் அரை நூற்றாண்டாக இது தொழிற்சாலை வழக்குகளில் எப்படிப் பயன்பட்டிருக்கிறது என்றால், கடைசியாக எந்தக் கை பட்டதோ அந்தக் கையைப் பிடி என்பதற்குத்தான். கடைசியாகப் படும் கை எப்போதும் ஷிப்டில் நிற்கிறவனுடையது. வெண்ட்டைக் குறைத்தவர் மதிய வேளையில் அலுவலக அறையில் குறைத்திருப்பார், அவர் கை அங்கே விழுவதே இல்லை.

என் பதிலை அதே தீர்ப்பிலிருந்தே சொன்னேன். நேரடிக் காரணம் எது என்று கேட்டால், அமிலத்தைத் தெறிக்க வைத்தது வால்வு அல்ல. வால்வைத் திறப்பது அவர் வேலை, அதற்குத்தான் சம்பளம். காற்றுப் போகும் இரண்டு வாய்களில் ஒன்று திறந்திருந்தாலும் வால்வு திறந்திருந்த நிலையிலேயே கிளீனர் வீட்டுக்குப் போயிருப்பார். ஓவர்ஃப்ளோ, காற்றுக்கான வழி இல்லையே என்று பொறியாளர் சொல்லியிருந்தார். திரவம் 16,000 லிட்டரில் நிற்கும்போது அதற்கு மேலே திறக்கிற 4 இன்ச் குழாய் வேறு எதற்கு வழி? கூடவே, ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் சொன்ன அளவுகோல்: கிரிமினல் குற்றமாக வேண்டுமானால் அஜாக்கிரதை மிகக் கடுமையான அளவில் இருக்க வேண்டும். சத்தம் கேட்டு வால்வை மூட ஓடிப்போய்க் கை வெந்தவரிடம் அந்த அளவு அஜாக்கிரதையை எங்கே தேடுவது?

தொட்டி செய்தவர் எங்கள் தரப்புச் சாட்சியாகக் கூண்டில் ஏறினார். அரசு வழக்கறிஞர் அவரை மிரட்டிப் பார்த்தார்: தரமில்லாத தொட்டியைச் செய்துவிட்டு இப்போது பழியை மாற்றுகிறீர்களா? பெரியவர் பதறவில்லை. "ஐயா, நான் செஞ்சு குடுத்தது நாலு இன்ச்சு ரெண்டு. படத்துல இருக்கறது ஒண்ணு ரெண்டு இன்ச்சு, ஒண்ணு மூடி. இது நான் செஞ்ச டேங்க் இல்லீங்க" என்றார். நடுவர் அதை அப்படியே பதிவு செய்யச் சொன்னார்.

தீர்ப்பு 255(1) பிரிவில் விடுதலை. தொட்டி நிரம்பவில்லை என்பதையும், வெளியேறும் வழிகள் எதிரி வேலைக்குச் சேர்வதற்கு முன்பே அடைக்கப்பட்டிருந்தன என்பதையும் நடுவர் தனித்தனிப் பத்தியாக எழுதியிருந்தார். அடைத்தவர் யார் என்பது இந்த நீதிமன்றத்தின் முன் இல்லை என்றும் எழுதியிருந்தார். சட்டப்படி அது சரி. அன்றைய தொழிற்சாலைகள் சட்டத்தில் ஆய்வாளரோ அவருடைய எழுத்துமூல முன்அனுமதி பெற்றவரோதான் புகார் தாக்கல் செய்ய முடிந்தது, அதுவும் குற்றம் அவர் கவனத்துக்கு வந்த மூன்று மாதங்களுக்குள். இந்த விபத்தில் ஆய்வாளர் நேரத்தோடு தாக்கல் செய்திருந்தார். 92ஆம் பிரிவில் நிர்வாகம் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியது. ஒரு மனிதர் வருடக்கணக்கில் கூண்டில் நின்றார், இன்னொரு தரப்பு ஒரே வாய்தாவில் ரசீது வாங்கிக்கொண்டு போனது. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

வேறு மாதிரியும் செய்ய முடியும் என்பதற்கு இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்ட் எரிபொருள் கிடங்கு ஓர் உதாரணம். 2005 டிசம்பர் 11 விடியற்காலையில் அங்கே 912ஆம் எண் தொட்டியில் பெட்ரோல் நிரம்பிக்கொண்டே போனது. மட்டம் காட்டும் கருவி ஒரே இடத்தில் சிக்கி நின்றுவிட்டது, அவசர சுவிட்ச் வேலை செய்யவில்லை, பெட்ரோல் தலையிலுள்ள வெண்ட்கள் வழியாக வழிந்து ஆவியாகி வெடித்தது. உயிரிழப்பு இல்லை, நாற்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம். 2010இல் தண்டிக்கப்பட்டவை ஐந்து நிறுவனங்கள். அதில் அந்த சுவிட்சை வடிவமைத்த நிறுவனமும் பொருத்திய நிறுவனமும் அடக்கம். கட்டுப்பாட்டு அறையோடு நிற்காமல் விசாரணை வரைபடம் வரை போனது. நம் நாட்டில் போபாலின் 610ஆம் எண் தொட்டிக்கு அவ்வளவு பெரிய வழக்கு நடந்தும், வெளியேறிய வாயுவை எரிக்க வேண்டிய கோபுரத்தின் குழாய் கழற்றிக் கிடந்தது என்று உலகமே அறிந்தும், 2010 ஜூன் 7இல் வந்த தண்டனை இதே 304ஏ பிரிவில் இரண்டு ஆண்டுகள்தான். போபாலுக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்த்த 41எச் பிரிவு, உடனடி ஆபத்து என்று நியாயமாகக் கருதினால் அதை மேலிடத்துக்குச் சொல்லும் உரிமையைத் தொழிலாளிக்குக் கொடுத்தது. நல்ல பிரிவு. ஆனால் மூடி எதுவென்று தெரிந்தவனுக்குத்தான் அது பயன்பட்டிருக்கும்.

இறந்த கிளீனர் லாரி கம்பெனியின் ஆள் என்பதால் அவர் குடும்பத்தின் கோரிக்கையை என் நண்பர் ஒருவர் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்தார். என் வழக்கின் சான்றிட்ட நகல்களையெல்லாம் அவருக்கு எடுத்துக் கொடுத்தேன். நின்றிருந்த லாரியில் சரக்கு இறக்கும்போது நடந்தது வாகனத்தின் உபயோகத்தால் விளைந்த விபத்து ஆகாது என்று இன்சூரன்ஸ் தரப்பு வாதிட்டது. கவிழ்ந்து கிடந்த பெட்ரோல் டேங்கர் சில மணி நேரம் கழித்து வெடித்ததையும் வாகனத்தின் உபயோகம் என்ற வரம்புக்குள் கொண்டுவந்த, 1991இன் சிவாஜி தயானு பாட்டீல் தீர்ப்பை நண்பர் காட்டினார். தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டு இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது. மனைவியின் பங்கை அவர் எடுத்துக்கொள்ள அனுமதித்து, இரண்டு பிள்ளைகளின் பங்கை அவர்கள் மேஜராகும் வரை தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத்தொகையாகப் போடச் சொன்னது.